பொன் உருகும் முன்

யூலை 16, மதுரை

கறுப்புத் தண்ணீர் இன்று நடுவுக்கு ஏறிவிட்டது.

போன வாரம், பல்கலைக்கழகத்தில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது, அது வலது கண்ணின் அடியில் ஒரு விளிம்பு மட்டுமே. அதற்கு முதல் நாள் மின்னல். பட்டப்பகலில், முகில் இல்லாத வானத்தில், எனக்கு மட்டும். யாழ்ப்பாணத்துக் கண் வைத்தியர் பார்த்துவிட்டு, விழித்திரை கிழிந்து கழரத் தொடங்கியிருக்கிறது, உடனே கொழும்புக்குப் போங்கள் என்றார். உடனே என்பதை இரண்டு தரம் சொன்னார்.

வெளியே வந்ததும் அம்மா ஓட்டோவை மறிக்கவில்லை. வெயிலிலேயே நின்றார்.

"கொழும்பில எங்கட சனம் தடக்கி விழும். அங்க போய் இருந்தா, ரூபன்ர ஆக்களுக்குத் தெரிஞ்ச ஒராள் எண்டாலும் பக்கத்துக் கதிரையில இருக்கும். இந்தியாவில எங்களை ஆருக்குத் தெரியும்?"

ஆவணி கடைசியில் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஜெயரூபன். நோர்வேயில் பஸ் ஓட்டுகிறார். இரண்டு குடும்பமும் சுற்றி உட்கார்ந்திருக்க, போன் திரையில் ஒருமுறை பார்த்துக்கொண்டோம். பெண்ணுக்குக் கண்ணில் ஏதோ கோளாறாம் என்ற வசனம் அந்த வீட்டுக்குள் போய்விடக் கூடாது.

ஆகவே கூறைச்சேலை எடுக்க இந்தியாவுக்கு வந்திருக்கிறோம். யாழ்ப்பாணத்தில் கல்யாணம் வைத்தவர்கள் எல்லோரும் அதற்குத்தான் வருகிறார்கள். ஆடித் தள்ளுபடி வேறு. யாரும் மறு கேள்வி கேட்கவில்லை.

விசா வரும்வரை காத்திருந்தோம். ரிக்கற்றுக்குக் காத்திருந்தோம். எனக்கு மாமியாகப் போகிற ரூபனின் அம்மாவிடம் பயணம் சொல்லப் போக வேண்டும், வெறுங்கையோடு போகக் கூடாது என்று பயத்தம் பணியாரம் சுடும்வரை காத்திருந்தோம்.

தண்ணீர் காத்திருக்கவில்லை.

யூலை 17

டொக்டர் என் வயதுக்காரி. நெற்றியில் விளக்கு. இமையை விரலால் பிரித்து, மேலே பார், கீழே பார், வலப்பக்கம் பார் என்றபடி நெடுநேரம் உள்ளே தேடினார்.

"எப்பத்துல இருந்து இந்தத் திரை தெரியுது?"

"நேற்றில இருந்து," என்றார் அம்மா.

டொக்டர் அம்மாவைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. என் கண்ணுக்குள் பார்த்தார்.

"நடுப்பகுதியும் கழண்டிருச்சு. எழுத்துப் படிக்கிறது, முகம் பாக்குறது எல்லாம் அந்த இடத்துலதான். ஆபரேஷன் பண்ணி ஒட்ட வச்சிரலாம். பழைய பார்வை எவ்வளவு திரும்பும்னு இப்ப சொல்ல முடியாது. கொஞ்சம் முன்னாடி வந்திருந்தீங்கன்னா…"

வசனத்தை முடிக்காமல் எழுதத் தொடங்கினார்.

கண்ணுக்குள் இருக்கும் ஜெல்லை எடுத்துவிட்டுக் காஸ் நிரப்புவார்கள். அந்தக் குமிழி கிழிசலை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். குமிழி சரியான இடத்தில் அழுத்த, நான் நாட்கணக்கில் குனிந்தே இருக்க வேண்டும்.

"பிளேனுக்கு ரிக்கற் போட்டாச்சு, டொக்டர்," என்றார் அம்மா.

"காஸ் கரையிற வரைக்கும் பிளைட்ல ஏறவே கூடாதும்மா. மேல போகப் போகக் காஸ் விரியும். கண்ணுக்குள்ள பிரஷர் ஏறி மொத்தப் பார்வையும் போயிரும்."

"எவ்வளவு நாளில கரையும்?"

"ரெண்டு மாசம் கூட நிக்கும்."

அம்மா கைப்பையின் சிப்பைத் திறந்தார். மூடினார். திறந்தார்.

யூலை 19

நேற்று நடந்தது இதுதான் என்று நம்புகிறேன்.

கண்ணுக்குக் கீழே ஓர் ஊசி. பிறகு முகத்தின் பாதி வேறு யாருடையதோ ஆகிவிட்டது. துணி மூடினார்கள். நான் கடலின் அடியில் நின்றேன். மேலே ஒரு மங்கல் நிலவு. அந்த நிலவிலிருந்து மெல்லிய கறுப்புத் தடி ஒன்று தண்ணீருக்குள் இறங்கியது. இன்னொன்று இறங்கியது. அவை என்னைத் தொடவில்லை. எனக்குள் இருந்தன. ஒன்று வெளிச்சம் பிடிக்க, மற்றது எதையோ மேய்ந்துகொண்டு போனது. நூல் நூலாக, தூசி தூசியாக, நான் இவ்வளவு காலம் பார்த்தவற்றின் குப்பை எல்லாம் அதன் வாய்க்குள் போவது போலிருந்தது.

மேலே, தண்ணீருக்கு வெளியே, ஒரு பெண் குரல் மதியச் சாப்பாட்டுக்கு யாரோ புளியோதரை கொண்டுவந்திருப்பதாகச் சொன்னது.

பச்சை மின்னல்கள். வரிசையாக. வலிக்கவில்லை.

பிறகு ஒரு வெள்ளி அலை வந்து எல்லாவற்றையும் அழித்தது. காஸ் என்று பின்னர் சொன்னார்கள்.

யூலை 21

தரையில் கொப்பியை வைத்து எழுதுகிறேன். இடது கண்ணால். குனிந்தே இருப்பவளுக்கு எழுதுவது மட்டும் இலகு. சாப்பிடுவது கஷ்டம். தண்ணீர் குடிப்பது கஷ்டம். அழக் கூடாது என்று சிஸ்டர் சொல்லியிருக்கிறார். அப்படி ஒரு எண்ணமும் இல்லை.

ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சந்தில் லொட்ஜ். அறைகள் முழுக்கக் கண்கள். காலையில் என்னைப் போலக் குனிய வேண்டியவர்கள் நடையில் வரிசையாக உட்கார்ந்திருப்போம். யாருக்கும் முகம் இல்லை. கால்கள்தான். வெடித்த குதிக்கால். மருதாணி நகம். ஒரு விரல் இல்லாத வலது பாதம், அதன் பக்கத்தில் எப்போதும் ஒரு பால் தூக்கு.

அம்மாவின் கால்களை இதற்கு முதல் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. இடது காலில் சிறிய தழும்பு. எதனால் என்று கேட்கவில்லை.

யூலை 22

பக்கத்துக் கதிரைக் கால்களுக்குப் பெயர் ஒச்சம்மா. உசிலம்பட்டிப் பக்கம். இரண்டு மெட்டி, மஞ்சள் பூசிய கணுக்கால். மாடு வாலை வீசியதில் கண் கிழிந்ததாம்.

"நீ சிலோன்காரப் பிள்ளையாத்தா? பேச்சு பாடம் வாசிக்கிறாப்புல இருக்கு."

"ஓம்."

"ஓமாம்! ஏய்யா, கேட்டியா, ஓமாம்." இது அவரது புருஷனுக்கு. புருஷன் சுவரில் சாய்ந்து தூங்குகிறார். குறட்டை பதில் சொன்னது. "இந்த மனுசன் எனக்குத் துணைக்கு வந்திருக்காரு. ஊருல இருந்தா மாட்டுக்குத் தண்ணியாச்சும் காட்டியிருப்பாரு. உனக்குக் கல்யாணம் ஆயிருச்சா?"

"அடுத்த மாதம்."

"கல்யாணப் பொண்ணுதான் தலையக் குனிஞ்சு உக்காரணும். நீ இப்பவே ஆரம்பிச்சுட்ட."

நான் சிரித்ததில் குமிழி ஆடியது. தரை முழுவதும் ஆடியது.

யூலை 24

அம்மா காலையில் கடைக்குப் போகிறார். பொய்யை உண்மையாக்க வேண்டும். சேலை இல்லாமல் திரும்ப முடியாது. வரும்போது புதுத் துணியின் கஞ்சி வாசமும் மல்லிகையும் அவரோடு அறைக்குள் வரும்.

ரூபன் அழைத்தார். போனில் கமரா பழுது என்று அம்மா மாமியிடம் சொல்லியிருக்கிறார். குரல் மட்டும்.

"என்ன, கிணத்துக்குள்ள இருந்து கதைக்கிற மாதிரி இருக்கு?"

"படுத்திருக்கிறன்."

"கடை கடையா ஏறிக் களைச்சுப்போனீரோ?"

"ஓம்."

"உம்மட அம்மா எத்தினை சீலை புரட்டினவ?"

"கடைக்காரர் அழத் தொடங்கிட்டார்."

சிரித்தார். பஸ் கடைசித் தரிப்பில் நிற்கும்போதுதான் அழைப்பாராம். பின்னால் மழை. கதவு பெருமூச்சு விட்டுத் திறந்தது. பதிவு செய்த பெண் குரல் ஒன்று அந்தத் தரிப்பின் பெயரைச் சொன்னது. அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன்.

"தெரியாது. எட்டு வருசமா அதில நிப்பாட்டுறன். நீர்தான் முதல் கேக்கிற ஆள்."

"ஆரிட்டையும் கேளுங்கோவன்."

"கேட்டா இவனுக்கு இவ்வளவு காலமும் தெரியாதோ எண்டு சிரிப்பாங்கள். சரி, முகத்தை எப்ப காட்டுறதா உத்தேசம்?"

"கமரா…"

"தெரியும், தெரியும். முகம் எங்கயும் ஓடாதுதானே."

நேரம் போவதற்காகத்தான் கதைக்கிறேன். குனிந்திருப்பவளுக்கு வேறு என்ன பொழுதுபோக்கு.

யூலை 26

இன்று அவர் அழைக்கவில்லை. மழையில் பஸ்கள் பிந்தியிருக்கும். பிற்பகல் முழுவதும் போனைத் தரையில் வைத்துக்கொண்டு, அதன் கறுப்பில் தெரிந்த என் தலைமயிரைப் பார்த்தேன்.

யூலை 27

கூறை வந்துவிட்டது.

நான் நிமிரக் கூடாது. ஆகவே அம்மா அறையின் நடுவில் படுக்கை விரிப்பைப் போட்டு, அதன் மேல் சேலையை விரித்து, என் நாற்காலியை மெல்ல அதன் மேல் தள்ளினார். என் முகத்துக்கு நேர் கீழே செம்மண் சிவப்பு. கரையில் சரிகை. இடது கண்ணால் அது ஒரு நல்ல சேலை. வலது கண்ணால், குமிழியின் ஊடாக, அது சேலை இல்லை. அந்தி நேரத்துக் குளம். சரிகை மீன்களாகிக் கூட்டமாகத் திரும்பியது. திரும்பிக்கொண்டே இருந்தது.

"வடிவா இருக்கே பிள்ளை?"

"நல்ல வடிவு அம்மா."

"எந்தக் கண்ணால பாத்தனி?"

இரண்டாலும் என்றேன். அம்மா சேலையை உடனே மடிக்கத் தொடங்கினார். மடிப்புப் பிழைத்து, மறுபடி விரித்து, மறுபடி மடித்தார்.

ரூபன் நிறம் கேட்டார். அந்தி நேரத்துக் குளம் என்றேன். "நான் பஸ்காரன். சிவப்போ பச்சையோ எண்டு சொல்லும், எனக்கு அது போதும்," என்றார்.

யூலை 30

ஒச்சம்மாவுக்குக் காது நன்றாகக் கேட்கிறது.

"யாருத்தா போன்ல?"

"மாப்பிள்ளை."

"அவரு குரலு கேக்கல. உன் சிரிப்பு மட்டும் கேக்குது. எங்காளு என்னையப் பொண்ணு பாக்க வந்தப்ப நான் இப்பிடிச் சிரிச்சிருந்தா எங்கப்பன் வெட்டியிருப்பான்."

அது வெறும் பேச்சு என்றேன்.

"ஆமா ஆமா, வெறும் பேச்சுதான்," என்று மெட்டிக்கால் தரையில் தாளம் போட்டது.

ஜூலை முடிகிறது என்று லொட்ஜ் பையன்களில் யாரோ சொன்னான். எனக்கு எல்லா நாளும் ஒரே தரை.

ஓகஸ்ட் 1

நடையில் காத்திருந்தேன். அம்மாவின் செருப்பு டொக்டரின் அறை வாசலில் நின்றது. உள்ளே போயிற்று. கதவு முழுதாக மூடவில்லை.

"நடுப்பகுதி கழர முதல் வந்திருந்தா, டொக்டர்?"

"இப்ப அதக் கேட்டு என்னம்மா பண்ணப்போறீங்க?"

"சும்மா அறியத்தான்."

"நல்லாப் பாத்திருப்பாங்க."

செருப்பு வெளியே வந்தது. என்னைக் கடந்து போனது. தண்ணீர்க் குழாயடியில் வெகுநேரம் நின்றது. குழாய் திறக்கப்படவில்லை.

நான் தரை ஓடுகளின் பூ வேலைப்பாட்டை வரைந்து வைத்திருக்கிறேன். நான்கு இதழ், நடுவில் ஒரு புள்ளி.

ஓகஸ்ட் 3

அம்மா மூச்சு வாங்க ஓடி வந்தார். சேலைக் கடையில் எங்கள் ஊர்ப் பக்கத்து நீர்வேலிப் பெண் ஒருத்தியைக் கண்டாராம். முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு அடுத்த கல்லாவுக்குப் போனவர், அவள் யாருக்கோ சொல்வதை ஒட்டுக் கேட்டிருக்கிறார்.

"கப்பல்! நாகப்பட்டினத்தில இருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் ஓடுது பிள்ளை. நாங்கள் ஏன் பிளேனைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிக்கிறம்?"

நான் புவியியல் படிப்பிக்கிறேன். இந்தப் பாக்கு நீரிணையை எத்தனை தரம் கரும்பலகையில் வரைந்திருப்பேன். எனக்கு அது தோன்றவில்லை.

டொக்டரிடம் கேட்டோம். சிரித்துவிட்டார். "கப்பலா? இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. கடல் மட்டத்துல காஸ் சும்மாதாம்மா இருக்கும். தாராளமாப் போங்க. காத்து சரியில்லன்னா கப்பல நிறுத்திருவாங்களாம், நாள் கையில வச்சுக்கிட்டுப் போங்க."

அம்மா இன்று எனக்கு மட்டுமில்லாமல் ஒச்சம்மாவுக்கும் அவரது புருஷனுக்கும் இளநீர் வாங்கிக் கொடுத்தார்.

ஓகஸ்ட் 5

நிமிரலாம் என்று சொல்லிவிட்டார்கள். மல்லாந்து படுக்கத்தான் கூடாது.

உலகம் உயரமாக இருக்கிறது.

ஒச்சம்மா இன்று ஊருக்குப் போகிறார். வாசலில் பையோடு நின்ற பெண்ணை நான் அடையாளம் காணவில்லை. மெட்டியைப் பார்த்துத்தான் தெரிந்தது. அவரும் என் கால்களைப் பார்த்தார். பிறகு மெதுவாக மேலே வந்தார்.

"ஏத்தா, நீயா அது? நான் நெனச்ச மூஞ்சி இல்லையே இது."

"என்ன நினைச்சனீங்கள்?"

"வட்டமா, அப்பிராணியா நெனச்சேன். நீ கள்ளி மாதிரில்ல இருக்க."

நானும் அவரைக் கிழவி என்று நினைத்திருந்தேன். முடி முழுக்கக் கறுப்பு. கன்னத்தில் குழி. என் தாடையைப் பிடித்துத் திருப்பிச் சிவந்த கண்ணைப் பார்த்தார்.

"மாப்பிள்ளைக்குத் தெரியுமா?"

என் பார்வை மறுபடி அவர் மெட்டிக்கு இறங்கியது.

"நல்ல ஆளு போ," என்றார். புருஷன் பையைத் தூக்கிக்கொண்டு எதிர்த்திசையில் நடந்துகொண்டிருந்தார். "யோவ், பஸ் ஸ்டாண்டு இந்தப் பக்கம்!"

ஓகஸ்ட் 9

ரூபன் அடுத்த கிழமை யாழ்ப்பாணம் வருகிறார். மாமி அம்மாவைக் கேட்டாராம்: சீலை எடுக்கப் போனவை ஊர்க்கோலமே போகினம்? பிள்ளையை ஒருக்கால் காட்டுங்கோவன், வேற போனில எண்டாலும்.

அம்மா ஒரு பகல் முழுவதும் யோசித்தார். சாயங்காலம் மாமியை அழைத்தார். சாத்திரியார் புது நாள் சொன்னார் என்று பொன்னுருக்கை முன்னுக்கு வைத்துவிட்டார். பத்தொன்பதாம் திகதி காலை.

எங்கள் பக்கத்தில், மாப்பிள்ளை வீட்டு முற்றத்தில் நல்ல நேரம் பார்த்து ஆசாரியார் பொன் நாணயத்தை உருக்குவார். அந்தப் பொன்னில்தான் தாலி. பெண் அங்கே போவதில்லை. பொன் உருகிய பிறகு மணவறைவரை பெண்ணும் மாப்பிள்ளையும் ஒருவரை ஒருவர் பார்க்கக் கூடாது.

"விளங்குதே? பொன்னுருக்கினா ஒருத்தரும் உன்னைப் பாக்கக் கேக்கேலாது. போனிலயும் கேக்கேலாது. கலியாணத்துக்கிடையில சிவப்பும் வெளுத்திடும்."

பிறகு, துவாயை உதறிக்கொண்டு, வேறு யாருக்கோ சொல்வதுபோல:

"பொன் உருக்கினா அரைவாசிக் கலியாணம். அதுக்குப் பிறகு ஆருக்கு என்ன தெரிய வந்தாலும் ஒண்டும் செய்யேலாது."

துவாயில் உதற ஒன்றும் இருக்கவில்லை.

ஓகஸ்ட் 13

இன்று அவரது குரலுக்குப் பின்னால் காகங்கள்.

"ஊருக்கு வந்திட்டன். உம்மட குரல் இன்னும் போனிலதான். நோர்வேயும் நல்லூரும் ஒரே தூரமாப் போச்சு."

"வந்திடுவம்."

"பொன்னுருக்கை ஆர் அவசரப்படுத்தினது?"

"அம்மா."

"உமக்கு அவசரம் இல்லையோ?"

சிரித்தேன். சிரிப்பதற்கு எவ்வளவு நேரம் எடுக்குமோ அதைவிடக் கூட எடுத்தேன்.

"என்ன?" என்றார்.

"ஒண்டுமில்லை. உந்தக் காகம் என்ன சொல்லுது?"

"அதுவும் தெரியாது. நீர் வந்து கேளும்."

ஓகஸ்ட் 15

கடைசிப் பரிசோதனை. ஒட்டியிருக்கிறது. டொக்டர் சந்தோஷப்பட்டார்.

குமிழி பாதியாகிவிட்டது. கண்ணுக்குள் மேலே மிதப்பது எனக்குக் கீழே தெரியுமாம். கீழ்ப்பாதி நீர். மேல்பாதி உலகம். நடுவில் ஒரு கோடு. தலையைச் சரித்தால் கோடு சரியாமல் நிற்கிறது. நான் ஒரு கிண்ணத்தைச் சுமந்துகொண்டு நடக்கிறேன்.

இடது கண்ணைப் பொத்தி, கோட்டுக்கு மேலே அம்மாவைப் பார்த்தேன். நெற்றி இருந்தது. தோடு இருந்தது. நடுவில், மூக்கும் வாயும் இருக்க வேண்டிய இடத்தில், சூட்டில் வளைந்த மெழுகு.

"இது நேராகுமா?"

"கொஞ்சம் நேராகும். முழுசா ஆகாது," என்றார் டொக்டர். "இந்தக் கண்ணுல நடுப்பார்வை இனி இப்படித்தான்னு பழகிக்கங்க. இடது கண்ணையும் வருஷா வருஷம் காட்டணும். அதுக்கும் வர வாய்ப்பு இருக்கு."

அம்மா யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பார்வையே நேராகாது; எனவே சிவப்பு வெளுப்பது ஒரு விஷயமே இல்லை.

ஓகஸ்ட் 17, நாகப்பட்டினம்

கப்பல் ஓடவில்லை. காற்று.

கடற்கரையில் நின்றேன். இடது கண்ணில் ஒரு தொடுவானம். வலது கண்ணில் இன்னொன்று, எனக்குச் சொந்தமானது. இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைக்க முயன்றேன். தலையை உயர்த்தி, தாழ்த்தி. ஒரு கணம் பொருந்தியது. அப்போது கடல் என் கண்ணுக்குள்ளிருந்து தொடங்கி யாழ்ப்பாணம் வரை போயிற்று. அதன் மறுகரையில் யாரோ ஒருவர் முற்றம் கூட்டி, மெழுகி, நாளை மறுநாளுக்குப் பந்தல் போடுகிறார்.

அம்மா, "காத்துப் படாதை பிள்ளை," என்று முக்காடு இழுத்துவிட்டார்.

ஓகஸ்ட் 18

கப்பல் இன்றும் இல்லை. அங்கே சிவபாதம் மாமா எங்கள் பக்கத்துக்காகப் பொன்னுருக்குக்குப் போகிறார். அம்மா அவருக்குப் போனில் தட்டங்களை ஒவ்வொன்றாக ஒப்புவிக்கிறார்: வாழைப்பழம், பாக்கு வெற்றிலை, தேங்காய், மஞ்சள். குரலில் நடுக்கம் இல்லை. இந்தக் கல்யாணம் நின்றுவிடாமல் இருக்க அவர் ஒரு கடலையே தேடிப் பிடித்தவர்.

என் கண்ணுக்கு ஈடாக அம்மாவிடம் தர வேறு ஒன்றும் இல்லை. அதனால் இதைத் தருகிறார்.

இதை எழுதிவிட்டு வெட்ட நினைத்தேன். வெட்டவில்லை.

ஓகஸ்ட் 19

காலையில் அம்மா இந்த ஊர் லொட்ஜ் மேசையைத் துடைத்துக் குத்துவிளக்குக்குப் பதிலாக ஒரு அகல் விளக்கு ஏற்றினார். எனக்குப் புதுச் சேலை. முகத்தைக் கிழக்குப் பக்கம் வைத்து இரு என்றார். துணி காயப்போட்டு வருகிறேன் என்று மொட்டை மாடிக்குப் போனேன். கையில் துணி இருக்கவில்லை. அம்மா கவனித்திருப்பார்.

கமராவைத் திறந்து அழைத்தேன்.

"எட! கமரா திருந்திட்டுதோ?" என்று சிரித்தபடி வந்தார். பட்டு வேட்டி, சந்தனம். பின்னால் பந்தல், பெண்கள், ஒரு பிள்ளை அழும் சத்தம். என் இடது கண்ணில் அவர் முழுதாக இருந்தார். அன்று ஒருமுறை திரையில் பார்த்து நினைவில் வைத்திருந்த முகம் இல்லை. குரலைவிட இளமை.

சிரிப்பு நின்றது.

"கண்ணுக்கு என்ன?"

சொன்னேன். மின்னல், கறுப்புத் தண்ணீர், கொழும்புக்குப் போகாதது. "சீலை எடுக்க வந்தது எண்டது பொய். ஒப்பரேசனுக்கு வந்தது. இந்தக் கண்ணால உங்களைப் பாத்தா முகத்தின்ர நடுவில ஒண்டும் இல்லை. இனியும் நேராகாது. மற்றக் கண்ணுக்கும் வரலாமாம். பிள்ளையளுக்கும் வரலாமோ தெரியாது, கேக்கப் பயத்தில கேக்கேல்லை."

அவர் பந்தலை விட்டு வெளியே நடந்தார். படம் குலுங்கியது.

"அப்ப ஒரு மாசமா நான் ஆரோட கதைச்சனான்?"

"என்னோடதான்."

"எப்பிடி இருக்கிறீர் எண்டு ஒவ்வொரு நாளும் கேட்டனான்."

"ஓம்."

"நல்லா இருக்கிறன் எண்டனீர்."

"ஓம்."

போனை எங்கோ வைத்துவிட்டார். திரையில் வானம். ஒரு தென்னோலையின் நுனி. நான் அந்த வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் தலைக்கு மேல் இருந்ததும் அதேதான். மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அம்மா கடைசிப் படியில் நின்றார்.

"சொல்லிப்போட்டியே?"

தலையாட்டினேன். குமிழி ஆடியது.

அம்மா பறிக்க வரவில்லை. அப்படியே படியில் உட்கார்ந்துகொண்டார்.

தென்னோலை மறைந்தது. மறுபடி அவர் முகம். கண் கோபமாகத்தான் இருந்தது.

"ஏன் இண்டைக்குச் சொன்னனீர்? நாளைக்குச் சொல்லியிருந்தா உமக்கு ஒரு பிரச்சினையும் இல்லையே."

"நாளைக்குச் சொன்னா உங்களுக்கு வழி இருக்காது."

பின்னாலிருந்து மாமியின் குரல் வந்தது. "ரூபன்! ஆசாரியார் பாத்துக்கொண்டிருக்கிறார், நல்ல நேரம் போகுது!"

"இருக்கச் சொல்லுங்கோ," என்றார் திரும்பாமல்.

"நெருப்புத் தணியப்போகுது எண்டுறார்!"

"சிரட்டைக்கரி போடச் சொல்லுங்கோ அம்மா!"

பிறகு என்னிடம், மெதுவாக. அந்தக் கடைசித் தரிப்பில் நிற்கும்போது கதைக்கும் குரல்.

"உருக்கினாப் பிறகு உம்மைப் பாக்கக் கூடாதாம். இன்னும் உருக்கேல்லை. அசையாமல் நில்லும். அண்டைக்குப் பாத்தது கணக்கில்லை, இப்பதான் முதல்தரம் பாக்கிறன்."

அசையாமல் நின்றேன். இரண்டு கண்ணையும் திறந்து.

நல்ல நேரம் கடந்துவிட்டது என்று மாமி பந்தலுக்குள் ஒரே அழுகையாம். சிவபாதம் மாமா போனில் சொன்னார். பொன் அதற்குப் பிறகுதான் உருகியது.